ஜோசலினின் விசில்

புகியாஸ் மலையில் லாரி ஓட்டுகிறவர்களுக்குள் ஃபெர்மினுக்கு ஒரு பெயர் உண்டு. காதுக்காரர். மூடுபனி இறங்கி முன் பம்பரே கண்ணுக்குத் தெரியாத நாளில்கூட, வளைவுக்கு அந்தப் பக்கம் ஏறி வருவது யாருடைய வண்டி, எத்தனையாவது கியர், எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். ஒரு தடவை ரோட்டோரக் கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர், அப்போதுதான் வந்து நின்ற ஒருத்தனைப் பார்த்து, "தம்பி, பின்னால இடது பக்கம் பேரிங் அழுவுது, இன்னைக்குக் கீழ எறங்காத" என்றார். அவன் சிரித்துவிட்டுப் போனான். மறுநாள் சக்கரம் கழன்று உருண்டது. நல்லவேளை, அவன் வீட்டு வாசலில் நடந்தது. பன்றிக்கொட்டில் மட்டும்தான் உடைந்தது.

அந்தக் காதுதான் இரண்டு வருஷமாகப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் போனது சில்வண்டு. அப்புறம் கெட்டிலின் விசில். தண்ணீர் கொதித்து அடுப்பில் வழிவதைக் கண்ணால் பார்த்துத்தான் எழுந்துபோக வேண்டியிருந்தது. கனத்த சத்தமெல்லாம் பழையபடி கேட்டது. எஞ்சினின் தடதடப்பு, இடி, சர்ச்சில் அடிக்கிற மணி, எல்லாம் சரி. மெல்லிசான, கூர்மையான சத்தங்கள் மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயின. ஃபெர்மின் யாரிடமும் மூச்சு விடவில்லை. எப்படி விடுவார்? எங்கள் லோயோங் கிராமத்துப் பதினோரு குடும்பமும் தங்கள் முட்டைக்கோஸையும் கேரட்டையும் அவரை நம்பித்தான் ஏற்றி அனுப்புகிறது. இந்த ரோட்டில் பனிக்குள் ஓட்டுகிறவனுக்குக் கண் பாதி, காது பாதி. வளைவில் இரண்டு சின்ன ஹார்ன் அடிப்போம். அது எதிரே வருகிறவனுக்கும், அந்த வளைவில் குடியிருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஆவிகளுக்கும் சேர்த்து. பதில் ஹார்ன் வந்தால் ஒதுங்கி நிற்போம், வராவிட்டால் போவோம். பதில் வந்தும் கேட்காதவன் கையில் எவன் ஸ்டீயரிங்கைக் கொடுப்பான்? இந்த வயதில் ஸ்டீயரிங்கைப் பறித்துவிட்டால் ஃபெர்மின் என்கிற ஆளிடம் வேறு என்ன மிச்சம் இருக்கிறது?

அதனால் மனுஷன் கெட்டிக்காரத்தனமாகச் சமாளித்தார். ஜன்னலை எப்போதும் திறந்தே வைத்தார். பனிக்குள் விளக்கு வெளிச்சத்தை உற்றுப் பார்த்தார். போதாததற்கு அவர் மனைவி தூலியாவும் இரண்டு வருஷமாகக் கூடவே வர ஆரம்பித்திருந்தாள்.

"நீ சந்தையில வாயத் தொறக்கமாட்டேங்குற. கேரட்ட கேட்ட வெலைக்குக் குடுத்துட்டு இளிச்சிக்கிட்டு வர்ற. இனிமே நானும் வர்றேன்," என்று ஒரு நாள் காலையில் பிளாஸ்க்கோடு ஏறி உட்கார்ந்தவள்தான். அப்புறம் ஒரு நடைகூடத் தவறவில்லை.

வளைவு வந்தால் அவளுக்குப் பயம். பனி இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். சட்டென்று அவர் தொடையை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். "முப்பது வருஷமா லாரிக்காரன் பொண்டாட்டி, இன்னும் பயமா கிழவி?" என்று ஃபெர்மின் கேலி செய்வார். "பயம்தான், என்ன இப்போ? மெதுவாப் போ," என்பாள் அவள். அவள் பயப்படுகிறாளே என்று இவரும் பிரேக்கில் காலை வைப்பார். வயதான காலத்தில் பெண்டாட்டி தொடையைப் பிடித்துக்கொண்டு வருவது அவருக்கு உள்ளூரப் பிடித்துமிருந்தது. பொய் சொல்லக் கூடாது.

வண்டி ஜப்பானில் ஓடித் தேய்ந்து கப்பலேறி வந்த ஆறு சக்கர டீசல் லாரி. வலப்பக்கத்து ஸ்டீயரிங்கை இங்கே இடப்பக்கத்துக்கு மாற்றினார்கள். வாங்கிய அன்று கோழி அறுத்து, பம்பரில் ரத்தம் தொட்டு வைத்து, ஊரைக் கூட்டிச் சோறு போட்டு, நெற்றியில் மகள் பெயரையே எழுதினார் ஃபெர்மின்: ஜோசலின். நிஜ ஜோசலின் இப்போது பாகியோ நகரத்தில் டீச்சர். அறுவடை முடிந்ததும் கல்யாணம். அதற்காகத் தூலியா வீட்டுக்குப் பின்னால் இரண்டு பன்றிகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். "ஜோசலினுக்கு வயசாயிடுச்சு, ஏத்தத்துல மூச்சு வாங்குறா" என்று சந்தையில் ஆட்கள் பேசுவதைக் கேட்டு அந்தப் பெண் பட்ட வெட்கம் கொஞ்சமில்லை.

அந்த மூச்சு வாங்கல்தான் இந்த வருஷம் பெரிய தலைவலியாகிவிட்டது.

லோடோடு மலையுச்சிக்கு ஏறும்போது வண்டி கறுகறுவென்று புகை கக்கியது. இழுவை இல்லை. மூன்றாவது கியரில் ஏறுகிற இடத்தில் முதல் கியர் கேட்டது. பின்னால் ஆள் ஏற்றிவந்த ஜீப்னி வேன்காரன் ஒரு நாள் முந்திக்கொண்டு போகும்போது முகமெல்லாம் கரியோடு தலையை நீட்டி, "மனோங் ஃபெர்மின், ஜோசலின் சுருட்டுப் பிடிக்க ஆரம்பிச்சிட்டாளா?" என்று கேட்டுவிட்டுப் போனான். மனோங் என்றால் அண்ணன். மரியாதையாகத்தான் அசிங்கப்படுத்தினான்.

கறுப்புப் புகை என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே காபிக்கடைக்காரிக்குக்கூடத் தெரியும். உள்ளே போகிற டீசலை எரிக்கக் காற்று போதவில்லை. ஒன்று, டீசல் அதிகமாகப் பாய்கிறது. இல்லை, காற்று குறைகிறது. காற்றைத் திணிப்பது டர்போவின் வேலை. எஞ்சின் விடுகிற புகையின் வேகத்திலேயே சுற்றுகிற சின்னச் சக்கரம் அது. ஏற்றத்தில் மிதித்தால் மெல்லிசாக விசிலடித்துக்கொண்டு எஞ்சினுக்குள் காற்றை அடைக்கும். விசில் சுருதி குறைந்தால் டர்போ சரியில்லை. விசிலோடு பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தால் வழியில் எங்கோ குழாய் கிழிந்து காற்று ஒழுகுகிறது. பழைய ஃபெர்மின் என்றால் காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்திருப்பார். இந்த ஃபெர்மினுக்கு விசிலும் கேட்கவில்லை, சீறலும் கேட்கவில்லை.

அதனால் என்ன செய்தார்? டீசல் பம்பில் இருக்கிற ஸ்க்ரூவைத் திருகி இன்னும் கொஞ்சம் டீசலைத் திறந்துவிட்டார். எங்கள் மலையில் இழுவை குறைந்தால் எல்லோரும் செய்கிற முட்டாள்தனம் இது. காற்றே இல்லாதவளுக்கு மேலும் மேலும் சோற்றைத் திணித்தால் எப்படி இருக்கும்? புகை இரண்டு பங்காயிற்று. ஒரு வியாழக்கிழமை நாற்பது மூட்டை முட்டைக்கோஸோடு உச்சிக்குக் கீழே இருக்கிற ஏற்றத்தில் ஜோசலின் நின்றேவிட்டாள். பின்னால் வந்த இரண்டு லாரிக்காரர்கள் பாதி மூட்டையைப் பங்குபோட்டு ஏற்றிக்கொண்ட பிறகுதான் நகர்ந்தாள். லா டிரினிடாட் சந்தைக்குப் போனபோது வியாபாரிகள் பாதிப்பேர் கிளம்பிவிட்டிருந்தார்கள்.

 

சந்தையிலிருந்து நேரே போன்சோவின் பட்டறைக்குப் போனார்கள். போன்சோவின் மூத்த மகனுக்கு ஃபெர்மின் ஞானத்தகப்பன். அந்த உறவில் ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் 'பாரே' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். தூலியாவை அவன் 'மாரே' என்பான். நல்ல மெக்கானிக். ஆனால் முப்பது வருஷம் கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று சுத்தியல் அடித்ததில் காது பாதி அவுட். அதை அவன் மறைக்கிற வழக்கமில்லை. யாராவது மெதுவாகப் பேசினால், "சத்தமாப் பேசுய்யா, உன் ரகசியத்த நான் யாருக்கும் சொல்லமாட்டேன், எனக்கே கேக்காது" என்பான்.

கேபினைத் தூக்கி எஞ்சினைப் பார்த்தவன் முதலில் பம்பைத்தான் பார்த்தான்.

"யாரு இந்த ஸ்க்ரூவத் திருகினது?"

"நான்தான்," என்றார் ஃபெர்மின்.

"ஏன் பாரே, நீயுமா? சின்னப் பசங்க பண்ற வேலையில்ல இது! சரி, அத விடு. டர்போ எப்படி இருக்கு? விசில் சரியாக் கேக்குதா?"

ஃபெர்மின் சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் தூலியா பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். பட்டறையில் வேறு இரண்டு டிரைவர்களும் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

"சீறல் ஏதாச்சும்?"

"இல்ல."

"அப்போ முடிஞ்சுது. காதுக்காரரே சொல்லிட்டார், காத்துப்பக்கம் கோளாறு இல்ல. டீசல்தான் அதிகமாப் பாயுது. பம்ப எறக்கிடுவோம்."

அங்கே ஆரம்பித்தது வினை. வேறு எந்த டிரைவர் சொல்லியிருந்தாலும் போன்சோ நம்பியிருக்க மாட்டான். குழாய்களைத் தடவிப் பார்த்திருப்பான், சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருப்பான். சொன்னது ஃபெர்மின். இந்த மலையில் அந்தக் காதுக்கு மேலே அப்பீல் கிடையாது. மூன்று நாள் பம்பைக் கழற்றி, கழுவி, அளந்து பூட்டினான். டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் ஆறையும் எடுத்து முனை மாற்றினான். ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து அதன்மேல் ஈயம் வைத்து அடைத்தான், இனி யாரும் கை வைக்காதபடி.

அடுத்த லோடில் புகை கொஞ்சம் குறைந்தது. இழுவை அதைவிடக் குறைந்தது. ஃபெர்மின் மறுபடி பட்டறைக்கு வந்து நின்றபோது போன்சோவின் முகம் தொங்கிப்போய்விட்டது. பாகியோவிலிருந்து அழுத்தம் அளக்கிற மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்து மாட்டிப் பார்த்தான். ஏற்றத்தில் முள் பாதிக்குமேல் ஏறவே இல்லை.

"காத்து வரல பாரே. ஒண்ணு ஒழுகணும், இல்ல டர்போ செத்திருக்கணும். ஒழுகினா சீறணும். சீறுதா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் சொல்லித்தானே மனுஷன் கெட்டுப்போகிறான். "சீறல," என்றார் ஃபெர்மின்.

"அப்போ டர்போதான். பழசு ஒண்ணு நல்லதாப் பார்த்து வைக்கிறேன். எனக்கே வெக்கமா இருக்கு பாரே, பம்புக்கு உன்னச் செலவு பண்ண வெச்சிட்டேன். முப்பது வருஷத் தொழில்ல இப்படி எனக்குத் தப்பினதில்ல. வயசாயிடுச்சு போல. கடைய மகன்கிட்ட குடுத்துட்டு உக்காந்துக்கலாமான்னு தோணுது."

ஃபெர்மின் தலையைக் குனிந்துகொண்டார். தன் வாயால் வந்த வினைக்கு இன்னொருத்தன் தன் தொழிலையே சந்தேகப்படுகிறான். சோறு இறங்கவில்லை அன்றைக்கு.

டர்போவுக்குப் பணம்? தூலியா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "பன்னிய வித்துடலாம்."

"கல்யாணத்துக்குடி!"

"கல்யாணத்துக்கு வேற ஏதாச்சும் பார்ப்போம். வண்டி ஓடினாத்தானே கல்யாணம்?"

சனிக்கிழமை காலையில் பன்றி வியாபாரி கயிற்றோடு வந்தான். தூலியா இரண்டு பன்றிக்கும் கடைசியாக ஒரு கூடை சர்க்கரைவள்ளி இலையைப் போட்டுவிட்டு, ஒன்றின் முதுகைச் சொறிந்துகொடுத்துக்கொண்டு நின்றாள். எட்டு மாசம் தன் கையால் தீனி வைத்தவள். வியாபாரி குனிந்து பின்னங்காலில் கயிற்றைப் போட்டு இழுத்தான். பன்றி வாயைப் பிளந்தது.

ஃபெர்மின் ஐந்தடி தள்ளி நின்றிருந்தார். பன்றியின் தொண்டைவரை தெரிந்தது. தூலியா காதைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டுக் குழந்தை பயந்து உள்ளே ஓடியது. அவருக்கு மட்டும் அந்தக் கத்தல் எதிர் மலையிலிருந்து வருவதுபோல லேசாக வந்தது. எங்கோ, யாருடைய பன்றியோ கத்துகிற மாதிரி.

ஐந்தடியில் கத்துகிற பன்றியே இப்படி என்றால், பனிக்குள் எதிரே வருகிறவன் அடிக்கிற ஹார்ன்? அதில் எத்தனையை விட்டிருப்பேன்? பக்கத்தில் இவளை உட்கார வைத்துக்கொண்டா?

"கயித்த அவுருய்யா," என்றார்.

"என்ன மனோங், வெல பேசி முடிச்சாச்சே?"

"அவுருன்னா அவுரு. திட்டணும்னா என்னத் திட்டிக்க. பன்னி விக்கறதில்ல." அப்புறம் தூலியாவிடம், "செருப்பப் போடு. போன்சோகிட்டப் போறோம்," என்றார்.

அவள் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

பட்டறையில் போன்சோ பழைய டர்போ ஒன்றை மேஜைமேல் துடைத்து வைத்திருந்தான். ஃபெர்மின் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சையெல்லாம் விட்டுவிட்டார்.

"பாரே, எனக்குக் காது கேக்கல," என்றார்.

"என்ன?" என்றான் போன்சோ.

"எனக்குக் காது கேக்கலன்னேன்!"

"எனக்கும்தான் கேக்கல, கத்திச் சொல்லு!"

"காது கேக்கலடா எனக்கு! ரெண்டு வருஷமாச்சு! விசிலும் கேக்கல, சீறலும் கேக்கல! உங்கிட்டப் பொய் சொன்னேன்!"

தெருவில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு வருஷம் பொத்திவைத்த ரகசியம் லா டிரினிடாட் கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி வெளியே வந்தது.

போன்சோ கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். கோபப்படுவான் என்று ஃபெர்மின் பயந்தார். அவனோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டான். "அட கடவுளே! செவிடன் செவிடன்கிட்டக் கேட்டு வைத்தியம் பாத்திருக்கான்! நான் கெட்டுப்போயிட்டேன்னு மூணு நாளாத் தூங்கலடா நான்! பம்பு நல்லாத்தான் செஞ்சிருக்கேன்! நான் நல்ல மெக்கானிக்குதான்!" சிரித்துக்கொண்டே வந்து ஃபெர்மினைக் கட்டிப்பிடித்தான். அவன் சட்டை முழுக்க ஆயில். ஃபெர்மினுக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் வேலை விறுவிறுவென்று நடந்தது. ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, டர்போவின் வாயை ஒரு மரக்கட்டையால் அடைத்தான் போன்சோ. கட்டையில் முன்னமே ஒரு டயர் வால்வைப் பதித்து வைத்திருந்தான். அதில் கம்ப்ரசர் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். துணி துவைக்கிற சோப்பைக் கரைத்து, பெயிண்ட் பிரஷ்ஷால் குழாய் குழாயாகத் தடவிக்கொண்டு வந்தான். டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ரப்பர் குழாயின் அடியில் பிரஷ் போனபோது, நுரை பொங்கிக் கோழிமுட்டை அளவுக்குக் குமிழியாக எழுந்தது. அங்கே ரப்பரில் ஒரு பிளவு; காற்றை நிறுத்தினால் மூடிக்கொண்டது. விட்டால் திறந்தது. அதனால்தான் வெறுமனே நிற்கிறபோது ஒன்றும் தெரிவதில்லை. ஏற்றத்தில் அழுத்தம் ஏறினால் மட்டும் அத்தனையும் வெளியே போயிருக்கிறது.

பிளவு இருந்தது ஃபெர்மினே போட்ட கட்டுக்குக் கீழே. போன வருஷம் அந்தக் குழாய் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்று டயர் ட்யூபை நாடாவாகக் கிழித்து இறுக்கிச் சுற்றி வைத்தவர் அவர்தான். கட்டு கெட்டியாகவே இருந்தது. அதன் விளிம்பில் வளைந்து வளைந்து ரப்பர் விட்டுப்போயிருந்தது.

"இதுதானா!" என்றார் ஃபெர்மின். "ஒரு சாண் ரப்பர்!"

"சீறியிருக்கும் பாரே. நல்ல காதா இருந்தா முதல் நாளே கேட்டிருக்கும்."

"கேட்டுச்சு," என்றாள் தூலியா.

இருவரும் திரும்பினார்கள். அவள் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு, அதன் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொத மொத பொகை கக்கினப்போ, உருளைக்கெழங்கு ஏத்தின அன்னைக்கே கேட்டுச்சு. பாம்பு மாதிரி. ஏறும்போதெல்லாம் காலுக்கடியில சீறிக்கிட்டே வரும்."

"சொல்லறதுக்கென்ன மாரே?" என்றான் போன்சோ. "நான் பம்பெல்லாம் கழட்டிப் போட்டுக்கிட்டுக் கெடந்தேனே!"

தூலியா புருஷனைப் பார்த்தாள். "சீறுதுன்னு நான் சொன்னா, உனக்குக் கேக்கலைன்னு சொன்ன மாதிரி ஆயிடுமே. நீயா சொல்லாதத நான் எப்படிச் சொல்றது? எங்க போனாலும் காதுக்காரர், காதுக்காரர்னு கூப்பிடறாங்க. அந்தப் பேர நானா பிடுங்குறது?"

"பன்னிய வித்திருப்பியேடி!"

"வேற டர்போ மாட்டும்போது குழாயையும் மாத்திடுவாங்க, அதோட சீறல் நின்னுடும்னு நெனச்சேன்," என்றாள் அவள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கியது.

ஃபெர்மின் கணக்குப் போட்டுப் பார்த்தார். காது போக ஆரம்பித்து இரண்டு வருஷம். இவள் பிளாஸ்க்கோடு வண்டியில் ஏறியும் இரண்டு வருஷம்.

புதுக் குழாயைப் போட்டு, இரண்டு முனையிலும் கிளாம்ப் முறுக்கி மத்தியானமே அனுப்பிவிட்டான் போன்சோ. டர்போவைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தான். கிளம்பும்போது ஃபெர்மினின் தோளைத் தட்டி, "பாகியோவுல காது டாக்டர் இருக்கார் பாரே, திங்கக்கெழமையில பார்ப்பார். எனக்கும் ஒரு மிஷின் குடுத்தார். நான்தான் கம்ப்ரசர் சத்தம் தாங்காம டிராயர்ல போட்டுட்டேன். நீ போய்ப் பாரு," என்றான்.

திரும்பும்போது உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பனி இறங்கிவிட்டது. ஃபெர்மின் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஏறினார். வளைவுக்கு முன்னால் இரண்டு சின்ன ஹார்ன் அடித்தார். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு ஒன்றும் வரவில்லை.

தொடையில் தூலியாவின் கை அழுந்தியது.

அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். நான்கு மூச்சு விடுகிற நேரம் ஆகியிருக்கும். பனிக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் வெளிச்சம் வந்தது. பின்னாலேயே ஒரு பஸ் உரசுகிற மாதிரி அவர்களைக் கடந்து இறங்கிப் போனது. டிரைவர் கையைத் தூக்கி நன்றி காட்டிவிட்டுப் போனான்.

ஃபெர்மின் வண்டியை எடுக்கவில்லை. தொடைமேல் இருந்த கையைப் பார்த்தார். பூண்டு உரித்து உரித்து நகக்கண் வெடித்த கை.

"உனக்கு வளைவுன்னா பயமே கெடையாது, இல்லியா?"

"பயம்தான்," என்றாள் தூலியா. "வளைவு என்ன பண்ணும் என்னை? உன்ன நெனச்சுத்தான்."

அவர் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டார். எத்தனை வளைவு! போக நூறு, வர நூறு. ஒவ்வொன்றிலும் இந்தக் கை இருந்திருக்கிறது. இவர் அதைக் கேலி வேறு செய்திருக்கிறார்.

"இனிமே கையால சொல்லாத," என்றார். "வாயால சொல்லு. எத்தன வண்டி, எந்தப் பக்கம், எல்லாம் கத்திச் சொல்லு. ஒளிக்க ஒண்ணும் இல்ல இனிமே. ஊர்லயும் சொல்லிடறேன்."

"லோடு தரமாட்டோம்னுட்டா?"

"தரலைன்னாப் போகட்டும். அவங்க முட்டைக்கோஸ், அவங்க பயம். தெரிஞ்சுதான் ஏத்தணும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து எல்லோரும் சர்ச் வாசலில் நிற்கும்போது ஃபெர்மின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். பொய்யையும் சேர்த்துச் சொன்னார். சிலர் தரையைப் பார்த்தார்கள். பதினோரு குடும்பத்தில் மூத்தவரான அகாபிட்டோ வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, வேறு ஒன்றும் கேட்காமல் இது ஒன்றை மட்டும் கேட்டார்:

"தூலியா கூட வருவாளா?"

"வருவா. அவ இல்லாம வண்டியத் தொடமாட்டேன். டாக்டர்கிட்டயும் போறேன். அவர் ஓட்டக்கூடாதுன்னு சொல்லிட்டா ஓட்டமாட்டேன்."

அகாபிட்டோ யோசித்தார். அப்புறம் தூலியாவைப் பார்த்து, "என் கேரட் முப்பது மூட்டை இருக்கு. நாளைக்கு எத்தன மணிக்கு ஏத்தணும், நீயே சொல்லு," என்றார்.

டாக்டர் திங்கட்கிழமைதான் பார்ப்பார். அதனால் திங்கட்கிழமை லோடோடேயே கிளம்பினார்கள். வானம் துடைத்து வைத்ததுபோலப் பனியே இல்லாமல் இருந்தது. அந்தப் பழைய ஏற்றம் வந்தது, அந்த வியாழக்கிழமை ஜோசலின் நின்றுபோன இடம். ஃபெர்மின் மூன்றாவது கியரில் வைத்து மிதித்தார். வண்டி முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுவது போல ஏறியது. கண்ணாடியில் பார்த்தார். பின்னால் ரோடு, மலை, ரோட்டோரத்து முட்டைக்கோஸ் பாத்தி எல்லாம் சுத்தமாகத் தெரிந்தன. புகை இல்லை.

"விசில் அடிக்கிறாளா?" என்று கேட்டார். குரல் ஒருமாதிரி வந்தது. "நம்ம ஜோசலின்?"

"அடிக்கிறா."

"எப்படி?"

தூலியா கொஞ்சம் யோசித்தாள். கியர்மேல் இருந்த அவர் வலக்கையின் மணிக்கட்டில் ஆள்காட்டி விரலை வைத்தாள். எஞ்சின் முக்க முக்க விரல் மெதுவாக மேலே ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாக, நரம்பு ஓடுகிற வழியிலேயே, எங்கும் தட்டாமல், எங்கும் உடையாமல். அவர் கியர் மாற்றியபோது விரல் சட்டென்று மணிக்கட்டுக்கு இறங்கியது. மறுபடி ஏறத் தொடங்கியது.

ஃபெர்மினுக்கு ரோடு மங்கலாகத் தெரிந்தது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுருதி சுத்தமாக இருந்தது. ஒரு பிசிறு இல்லை.

"எதுவரைக்கும் வந்திருக்கா?"

"முழங்கை தாண்டிட்டா," என்றாள் தூலியா.

அவர் ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தார்.